பென்டாக்ஸ் பப்பிலியோ 2, 6.5×21: தோட்டத்துப் பூச்சிகளுக்கு ஒரு பைனாகுலர்

பைனாகுலர் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது, “எவ்வளவு தூரம் வரைக்கும் தெரியும்?” வீட்டுத் தோட்டம், மொட்டைமாடி, ஏரிக்கரை என்று பக்கத்திலேயே சுற்றுகிறவர் கூடவே இன்னொன்றும் கேட்க வேண்டும்: எவ்வளவு கிட்டத்தில் தெரியும்? பறவை பார்ப்பவர்களிடம் அதிகம் புழங்கும் நிக்கான் மோனார்க் எம்5 8×42-இல் (8 மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸின் விட்டம் 42 மி.மீ.) அது 2.5 மீட்டர். விலை குறைந்த ஒலிம்பஸ் 8×40 டிபிஎஸ்-1-இல் 4 மீட்டர். நிக்கான் அக்குலான் 8×42-இல் 5 மீட்டர். செம்பருத்தியில் உட்கார்ந்திருக்கும் வண்ணத்துப்பூச்சியைப் பார்க்க 5 மீட்டர் பின்னால் போனால், நம் ஊர் வீடுகளில் காம்பவுண்டுச் சுவர் முதுகில் இடிக்கும். பப்பிலியோ 2-இல் இந்தத் தூரம் அரை மீட்டர். இந்தக் கருவியை வாங்க இருக்கும் ஒரே காரணம் அதுதான். அந்தக் காரணம் போதுமா என்பதே கேள்வி.

அளவுகளை முதலில் சொல்லிவிடலாம். எடை 290 கிராம். சட்டைப் பைக்குள் போகாது, தோள்பையின் பக்கவாட்டு அறையில் தாராளமாக உட்காரும். பார்வைக் கோணம் 7.5 டிகிரி, 1000 மீட்டரில் 131 மீட்டர் அகலம் தெரியும். கண்ணுக்கும் கண்லென்ஸுக்கும் இடையே விடக்கூடிய தூரம் 15 மி.மீ. அடியில் ட்ரைபாட் மாட்ட கால் அங்குலத் திருகுத் துளை இருக்கிறது. இந்த அளவுக் கருவியில் அது அபூர்வம். கூடவே ஒரு உறையும் கழுத்து வாரும் வரும். இதே உடலில் 8.5×21 என்று இன்னொரு மாடலும் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

சாதாரண பைனாகுலரை ஏன் கிட்டத்தில் பயன்படுத்த முடியவில்லை என்று தெரிந்தால்தான் இதன் அருமை விளங்கும். இரண்டு குழல்களும் இணையாக நேர் முன்னே பார்க்கின்றன. தூரத்துக் கொக்கைப் பார்க்கும்போது இரண்டும் ஒரே காட்சியைத்தான் காட்டும். அரை மீட்டரில் இருக்கும் பூவை வைத்தாலோ இடக்குழல் பூவின் இடப்பக்கத்தையும் வலக்குழல் வலப்பக்கத்தையும் காட்டும். இரண்டு வட்டங்களும் ஒன்று சேராது. பப்பிலியோவில் ஃபோகஸ் சக்கரத்தைத் திருப்பும்போது உள்ளே முன்லென்ஸுகள் இரண்டும் முன்னே நகர்வதோடு ஒன்றையொன்று நெருங்கியும் வருகின்றன. நாம் மூக்கு நுனியைப் பார்க்கையில் கருவிழிகள் உள்நோக்கித் திரும்புகிறதே, அந்த வேலைதான். இந்த நகர்வெல்லாம் முன்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் நடப்பதால் கருவியின் நீளம் மாறாது. லென்ஸ் வெளியே நீண்டு இலையில் இடிக்காது. முன்லென்ஸுகளின் இடைவெளி கண்களின் இடைவெளியைவிடக் குறைவாக இருக்கும்படி பிரிசம் தலைகீழாக அமைந்திருப்பதும் இதற்கு உதவுகிறது.

அரை மீட்டர், 6.5 மடங்கு என்றால் நடைமுறையில் என்ன? 50 செ.மீ.யை 6.5-ஆல் வகுத்தால் 8 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. அதாவது பூச்சியைக் கண்ணிலிருந்து 8 செ.மீ.யில் வைத்துப் பார்க்கிற அளவு. வெறுங்கண் 25 செ.மீ.க்குக் கிட்டே தெளிவாகப் பார்க்கத் திணறும். 1 மீட்டர் தள்ளி நின்றாலும் 15 செ.மீ.யில் பார்க்கிற அளவு கிடைக்கும். அப்போதே வெறுங்கண்ணை மிஞ்சியாயிற்று. பூச்சிக்கும் நாம் அங்கே இருப்பது உறுத்தாது. பூதக்கண்ணாடிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: பூதக்கண்ணாடியோடு நெருங்கினால் பூச்சி பறந்துவிடும்.

அரை மீட்டரில் காட்சியின் அகலம் கணக்குப்படி 6.5 செ.மீ.தான். சிறகு விரித்த பெரிய அழகி வகை வண்ணத்துப்பூச்சி அதற்குள் முழுசாக அடங்காது. அவற்றுக்கு ஒரு மீட்டர் தூரம் சரி. அரை மீட்டரைச் சின்னஞ்சிறுசுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, இதில் மட்டும் எளிதாகிற சில அடையாளங்கள். எருக்கஞ்செடி இருக்கிற இடமெல்லாம் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி இருக்கும். அதே ஆரஞ்சு நிறம், அதே கருப்பு நுனி, வெள்ளைப் பட்டையோடு டனெய்ட் எக்ஃபிளையின் பெண்ணும் பறக்கும். வெந்தய வரியன் எருக்கம்பாலின் நஞ்சை உடம்பில் வைத்திருப்பதால் பறவைகள் தொடுவதில்லை. பருப்புக்கீரையில் வளரும் எக்ஃபிளை அந்த வேஷத்தைப் போட்டுக்கொண்டு பிழைக்கிறது. பிரித்தறிய, பின்சிறகின் நடுவைப் பாருங்கள். வெந்தய வரியனுக்கு அங்கே 3 கரும்புள்ளிகள். ஆணுக்குக் கூடுதலாக, நடுவில் வெள்ளையோடு ஒரு புள்ளி. எக்ஃபிளைப் பெண்ணுக்கு நடுவில் அவை கிடையாது, முன்விளிம்போரமாக ஒன்றுதான். 3 மீட்டரில் வெறுங்கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒரே ஆரஞ்சுப் பூச்சிதான். பப்பிலியோவில் புள்ளியை எண்ணியே முடிவு கட்டலாம்.

கறிவேப்பிலை, எலுமிச்சையில் முட்டையிடும் காமன் மார்மனின் பெண் விஷயத்திலும் இதே தந்திரம். அதன் ஒரு வடிவம், ஆடுதீண்டாப்பாளையில் வளரும் ரோஜா அழகியைப் போலவே சிவப்புத் திட்டுகளோடு இருக்கும். சிறகைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், உடம்பைப் பாருங்கள். ரோஜா அழகியின் உடம்பு சிவப்பு, மார்மனின் உடம்பு கருப்பு. பூவில் உட்காராமல் சிறகடித்துக்கொண்டே தேன் குடிக்கும் இவற்றை 8 மடங்குக் கருவியில் பின்தொடர்வது சிரமம், 6.5-இல் காட்சி ஆடாமல் நிற்கும்.

புல்லோரம் பறக்கும் நீலன்கள் என்கிற குட்டி வண்ணத்துப்பூச்சிகளின் கதை வேறு. நகத்தளவு பூச்சி, சிறகை மூடி உட்கார்ந்தால் அடிப்பக்கத்துப் புள்ளிகளின் வரிசையை வைத்துத்தான் இனம் பிரிக்க வேண்டும். சில இனங்களுக்குப் பின்சிறகின் ஓரத்தில் மயிரிழை போன்ற வாலும், பக்கத்தில் ஒரு பொய்க்கண்ணும் இருக்கும். பின்சிறகுகளை மேலும் கீழும் உரசி, வாலை உணர்கொம்பு மாதிரி ஆட்டிக் காட்டும். பல்லியோ குருவியோ அதைத் தலை என்று நம்பிக் கொத்தினால் சிறகின் ஒரு துண்டோடு போகும், உயிர் தப்பும். ஓரம் பிய்ந்த நீலன்களை அடிக்கடி பார்ப்பதற்குக் காரணம் இதுதான். இந்த உரசலை 60 செ.மீ.யிலிருந்து விரும்பும் நேரம் வரை பார்த்துக்கொண்டிருக்கலாம்.

மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்புகளை இதில் பார்ப்பது தனி சுகம், கடி வாங்காமல் பார்க்கலாம் என்பதால். இலை ஓரங்களை வேலைக்காரிகள் வரிசையாகக் கடித்து இழுத்துப் பிடிக்க, வேறு சில எறும்புகள் தங்கள் கூட்டின் இளம் புழுவை வாயில் கவ்விக்கொண்டு இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் தொட்டுத் தொட்டு வைக்கும். பட்டுநூல் புழுவிடமிருந்து வருகிறது. ஒரு மீட்டரில் ட்ரைபாடில் வைத்துவிட்டால் நூல் வெள்ளையாகப் படர்வது தெரியும். அதே மரத்தில் கொஞ்சம் ஒதுங்கித் தனியாகத் திரியும் ‘எறும்பு’ ஒன்று கண்ணில் பட்டால் கால்களை எண்ணுங்கள். எட்டு இருந்தால் அது முசுறு வேஷம் போட்ட ஈப்புலி, அதாவது தாவும் சிலந்தி. உணர்கொம்பு கிடையாது, முன்காலைத் தூக்கி ஆட்டிச் சமாளிக்கும். ஆணின் தாடைகள் முன்னே நீண்டு, இன்னொரு எறும்பைத் தூக்கிப்போவது போலத் தோன்றும். கிளையைத் தட்டினால் எறும்பு ஓடும், இது நூலில் தொங்கும்.

கருவேல மரக்கிளைகளில் முள் மாதிரியே ஒட்டிக்கொண்டிருக்கும் கௌ பக் எனப்படும் கொம்புப் பூச்சிகளையும் தேடிப் பாருங்கள். சாற்றை உறிஞ்சி இனிப்புத் துளியை வெளியே விடும். எறும்பு உணர்கொம்பால் தட்டித் தட்டி அந்தத் துளியை வாங்கிக் குடிக்கும். முதுகுக் கொம்புகள், துளி, எறும்பின் வாய் மூன்றும் ஒரே காட்சியில் தெரிகிற பைனாகுலர் வேறு கிடைப்பது கடினம்.

குளக்கரையில் ஊசித்தட்டான்களுக்கு இது கட்டாயம் வேண்டும். அவற்றின் வயிறு 10 கண்டங்கள் கொண்டது. எந்தக் கண்டம் நீலம் என்பதில்தான் அடையாளமே இருக்கிறது. செனகல் கோல்டன் டார்ட்லெட்டின் ஆணுக்கு எட்டாம் கண்டம் நீலமாக மின்னும். நுனியிலிருந்து பின்னோக்கி எண்ணுவது சுலபம். பெரிய தட்டான்கள் ஒரே குச்சிக்குத் திரும்பத் திரும்ப வந்து உட்காரும். அந்தக் குச்சி நுனியில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருந்தால் போதும்.

கருவியைச் சரியாக அமைத்துக்கொள்ளாவிட்டால் இந்தக் காட்சி எதுவும் கிடைக்காது, தலைவலிதான் மிஞ்சும். முதலில் இரு குழல்களையும் மடக்கி விரித்து, ஒரே வட்டம் தெரியும்படி வையுங்கள். சுமார் 10 மீட்டர் தூரத்தில் எழுத்துள்ள பலகை ஒன்றைப் பாருங்கள். வலக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குக் கூர்மையாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல் வலக்கண்லென்ஸின் வளையத்தை மட்டும் திருப்பிக் கூர்மையாக்குங்கள். இது ஒருமுறை செய்தால் போதும், ஆனால் வளையம் பையில் உரசி நகர்ந்துவிடும் என்பதால் அதன் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தில் பார்க்கும்போது குழல்களைச் சற்றே நெருக்கமாக மடக்கினால் கண்ணுக்கு இதமாக இருக்கும், ஏனென்றால் கண்களும் உள்நோக்கித் திரும்பியிருக்கின்றன. அப்போதும் இரட்டையாகத் தெரிந்தால் ஒரு அடி பின்னால் போங்கள். சிலருடைய கண்ணுக்கு 50 செ.மீ. ஒத்துவராது, 80 செ.மீ. ஒத்துவரும்.

அடுத்து, நெருங்கும் முறை. பூச்சியைப் பார்த்த பிறகு கையைத் தூக்கிக் கருவியைக் கண்ணில் வைத்தால் அந்த அசைவிலேயே பறந்துவிடும். நான்கைந்து அடி தள்ளியே கருவியைக் கண்ணில் வைத்து, ஃபோகஸை ஒரு மீட்டருக்கு அமைத்துக்கொண்டு, அப்படியே உடம்பை மெதுவாக முன்னே கொண்டுபோக வேண்டும். கிட்டத்தில் கூர்மையாகத் தெரியும் ஆழம் மிகக் குறைவு. சிறகு தெளிந்தால் தலை மங்கும். அந்த இடத்தில் சக்கரத்தோடு மல்லுக்கட்டாமல் தலையை முன்னே பின்னே சாய்த்தே சரிசெய்யுங்கள். முழங்கைகளை விலாவில் ஒட்டி வையுங்கள். மண்டியிட்டு உட்கார முடிந்தால் இன்னும் நல்லது. உங்கள் நிழல் பூச்சியின் மேல் விழக் கூடாது. காலை வெயில் ஏறும் நேரத்தில் வண்ணத்துப்பூச்சிகள் சிறகை விரித்துக் காயும். நெருங்க அதுதான் தோதான வேளை. கிலுகிலுப்பை, தேள்கொடுக்குச் செடிகளில் வரியன்களின் ஆண்கள் வேதிப்பொருளை உறிஞ்சுவதில் மெய்மறந்திருக்கும். ஈர மணலில் உப்பு உறிஞ்சும் கூட்டமும் அப்படித்தான். பழகுவதற்கு அவற்றைவிட நல்ல ஆசிரியர் இல்லை. மலைத்தேனீ, குளவிக் கூடுகளுக்கு எதிரே இந்த முறை வேண்டாம். பாம்புக்கு அரை மீட்டர் கணக்கு செல்லவே செல்லாது.

பறவைக்கு எப்படி? தோட்டத்தளவில் நன்றாகவே இருக்கிறது. 3 மீட்டரில் செம்பருத்திக்கு வரும் தேன்சிட்டு இதில் நிதானமாகத் தெரியும். ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு ஆணின் தோள்பட்டைப் பச்சை, மார்பில் குறுக்கே போகும் செம்பழுப்புப் பட்டை, மஞ்சள் வயிறு எல்லாம் பிரியும். லோட்டன் தேன்சிட்டின் நீண்டு வளைந்த அலகையும் ஊதாத் தேன்சிட்டின் குட்டை அலகையும் ஒப்பிட இதுவே போதும். சின்னான், தவிட்டுக்குருவி, மைனா, கரிச்சான் என்று 20, 30 மீட்டருக்குள் இருப்பவற்றுக்குக் குறையில்லை. பள்ளிக்கரணையிலோ வேடந்தாங்கலிலோ கரையில் நின்று தூரத்து வாத்துகளையும் உள்ளான்களையும் பிரிக்க இதை எடுத்துப் போகாதீர்கள். 6.5 மடங்கு அங்கே செல்லாக்காசு. ஆந்தை, பக்கி பார்க்கும் அந்தி வேளையிலும் இது தோற்கும். 21-ஐ 6.5-ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் 3.2 மி.மீ.; 8×42-இல் அது 5.25 மி.மீ. பகலில் கண்மணி 2, 3 மி.மீ.தான் திறந்திருக்கும் என்பதால் வித்தியாசம் தெரியாது. இருட்ட இருட்டக் கண்மணி விரியும், பப்பிலியோ கொடுக்கும் வெளிச்சமோ விரியாது.

இதே கணக்குதான் 8.5×21 மாடலுக்கு எதிரான வாதமும். அதில் ஒளிக்கற்றை 2.5 மி.மீ.க்குள் சுருங்குகிறது, பார்வைக் கோணம் 6 டிகிரியாகக் குறைகிறது, கை நடுக்கம் கூடுதலாகத் தெரிகிறது, கிட்டத்தில் கூர்மை ஆழம் இன்னும் மெலிகிறது. கிடைப்பது கொஞ்சம் பெரிய உருவம். ட்ரைபாடில் வைத்துச் சிலந்தி வலையையே பார்க்கப் போகிறவருக்கு அது சரி. மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு 6.5-ஐ எடுக்கலாம்.

பிடிக்காத விஷயங்களில் முதலாவது ஃபோகஸ் சக்கரம். அரை மீட்டரிலிருந்து 2 மீட்டர் வருவதற்கே பெரும்பாலான சுற்று செலவாகிவிடும். பூவைப் பார்த்துக்கொண்டிருக்கையில் தலைக்கு மேல் வல்லூறு பறந்தால், சுற்றி முடிப்பதற்குள் அது பக்கத்துத் தெருவுக்குப் போயிருக்கும். நடக்கும்போது சக்கரத்தை 2 மீட்டர் வாக்கில் விட்டுவைத்தால் தூரத்துக்குப் போகக் கொஞ்சச் சுற்றுதான் பாக்கி. இரண்டாவது, வானத்தைப் பின்னணியாகக் கொண்ட கிளையின் ஓரங்களில் மெல்லிய நிற விளிம்பு தெரியும். இந்த வகைக் கருவியில் அதைப் பெரிய குற்றமாகச் சொல்ல முடியாது. மூன்றாவதுதான் நமக்குப் பெரிசு: இது தண்ணீர் புகாத கருவி அல்ல.

வடகிழக்குப் பருவமழை மாதங்களில், குறிப்பாகக் கடலோர ஊர்களில், ஈரம் உள்ளே போனால் லென்ஸில் பூஞ்சை படரும். துணி உறையிலேயே அலமாரியில் போட்டுவைப்பதுதான் பூஞ்சையை அழைக்கும் வழி. துணி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இறுக்க மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஆரஞ்சு நிற வகையை வாங்குங்கள். நீல வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அதைச் சமையல் பாத்திரத்தில் சூடாக்கக் கூடாது. நிறம் மாறியதும் 110, 120 டிகிரியில் ஓரிரு மணி நேரம் காயவைத்தால் திரும்பப் பயன்படும். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் கண்ணாடியில் நீர் பூக்கும். பைக்குள்ளேயே கால் மணி நேரம் விட்டுப் பிறகு திறங்கள். முன்கண்ணாடியில் மகரந்தமும் தூசியும் படிவது சகஜம். ஊதும் ரப்பர் குமிழால் ஊதிய பிறகே துடைக்க வேண்டும். வேட்டி, துப்பட்டா நுனி எல்லாம் அதன் பூச்சுக்கு எதிரி.

கண்ணாடி அணிகிறவர்களுக்கு 15 மி.மீ. என்பது எல்லைக்கோடு. கண்வளையத்தை முழுக்க உள்ளே திருகிவிட்டுப் பாருங்கள். தடித்த சட்டமுள்ள மூக்குக்கண்ணாடி என்றால் வட்டத்தின் ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும். கிட்டப்பார்வை மட்டும் உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றியே பார்க்கலாம். சிறு பிள்ளைகளுக்கு வாங்கினால், முழுக்க மடக்கிய நிலையில் இரு வட்டங்களும் ஒன்று சேர்கிறதா என்று அந்தப் பிள்ளையையே பார்க்கச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

படம் எடுக்க இதை நம்ப வேண்டாம். கண்லென்ஸில் போனை ஒட்டிப் பிடித்து எடுப்பது முடியும், திருப்தி தராது. பதிவுக்குப் போனின் மேக்ரோ, பார்ப்பதற்குப் பப்பிலியோ என்று பிரித்துக்கொள்வது நல்லது. முதலில் பைனாகுலரில் அடையாளப் புள்ளியைப் பார்த்துவிட்டால், எந்தக் கோணத்தில் படம் எடுக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

கருவி கைக்கு வந்ததும் கொண்டுபோகத் தோதான இடம் திருச்சியில் இருக்கிறது: ஸ்ரீரங்கம் மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே 2015-இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. உணவுச்செடிகளையும் தேன்செடிகளையும் நட்டு வளர்த்த இடம் என்பதால், நடைபாதையை விட்டு இறங்காமலே ஒரு மீட்டர் தூரத்தில் பார்க்கக் கிடைக்கும். ஊரில் அப்படி இல்லாதவர்கள் இரண்டு தொட்டி எலுமிச்சையும் வேலியோரம் ஒரு எருக்கும் விட்டுவைத்தால் போதும்.

புதிதாக வாங்கினால் பில்லில் உத்தரவாதம் இந்திய விநியோகஸ்தருடையதா, தனி இறக்குமதியா என்று கேளுங்கள். இணையத்தில் விலை வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் காரணம் அதுதான். பழையது கிடைத்தால், பெயரில் ‘2’ (II) இல்லாதது முதல் தலைமுறை. லென்ஸ் பூச்சில் புதியது மேல், கிட்டத்தில் பார்க்கும் திறன் இரண்டுக்கும் ஒன்றே. முன்கண்ணாடி வழியாக டார்ச் அடித்து, கண்லென்ஸ் பக்கமிருந்து சற்றுச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளைவிட்ட கோடு தெரிந்தால் அது பூஞ்சை, எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பிறகு மேசையில் செய்தித்தாளை விரித்து 50 செ.மீ.யில் ஒரு வரியைப் படியுங்கள், அடுத்து தூரத்து மின்கம்பியைப் பாருங்கள். இரண்டிலும் காட்சி ஒன்றாகச் சேர வேண்டும். கம்பியைப் பார்த்தபடியே கருவியைக் கண்ணிலிருந்து ஒரு சாண் விலக்கும்போது இடவட்டத்துக் கம்பியும் வலவட்டத்துக் கம்பியும் ஒரே மட்டத்தில் நிற்காவிட்டால், கீழே விழுந்த கருவி. ஃபோகஸ் சக்கரம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே சீராகச் சுழல வேண்டும். நடுவில் இடறினால் முன்லென்ஸை நகர்த்தும் அமைப்பில் கோளாறு என்று பொருள். அதைப் பிரித்துச் சரிசெய்து திரும்ப நேர்படுத்துவது சாதாரண கேமரா கடையில் ஆகிற வேலை இல்லை.